இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பு

நானும் என் நாத்தனாரும் ஒரே பக்கம் நின்று பேசிய நாள் என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் வாழ்வது எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், என் கணவர் தன் தொழிலிலிருந்து ஒரு பதில் வைத்திருப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன். மேல தட்டினாலும் கதவு திறக்கல, கீழ தட்டினாலும் திறக்கல."

நேரில் அவளை அண்ணி என்பேன், நீங்க என்பேன். மனசுக்குள் அவள், இவள்தான்.

அந்தப் புதன்கிழமை காலை, குழந்தைகள் வார்டில் ஏழாம் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நின்றிருந்தோம். நடுவில் என் மகள். எட்டு வயது. சின்னதாக, கறுப்பாக, காரமாக இருப்பதால் மிளகு என்று கூப்பிடுகிறோம். அவளுடைய இடது இமை திங்கட்கிழமை முழுவதுமாக மூடிப் பளபளத்தது. இப்போது ஒரு கோடு அளவுக்குத் திறந்திருந்தது. சளியும் சைனஸுமாக ஆரம்பித்தது, மூக்கைத் தாண்டிக் கண்ணைச் சுற்றிய இடத்துக்குப் போய்விட்டது.

"மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கற எலும்பு காகிதம் மாதிரி" என்று முதல் நாளே கண் டாக்டர் சொல்லியிருந்தார். குட்டையான பெண்மணி, ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லமாட்டார். "கண்ணுக்குப் பின்னாடி இடம் ரொம்பக் கொஞ்சம். அங்க வீக்கம் ஏறி நரம்பை நசுக்கினா, போன பார்வை திரும்ப வராது. அதுக்குத்தான் இத்தனை அவசரம்."

புதன்கிழமை அவர் முகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. சார்ட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "காய்ச்சல் இல்ல. ரத்தப் பரிசோதனையும் பரவாயில்ல. கிருமிக்குக் குடுக்கற மருந்து வேலை செய்யுதுன்னு நினைக்கிறேன். இப்ப கூடவே கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு சேர்த்தா வீக்கம் சீக்கிரம் வடியும். நரம்புக்கு நல்லது. எல்லாக் குழந்தைக்கும் குடுக்கறது இல்ல, அதனால உங்க கையெழுத்து வேணும்."

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

என் இரண்டு புறங்கைகளையும் நீட்டிக் காட்டினேன்.

தையல் நூல் தயாரிக்கும் தொழிற்சாலையில் எனக்கு நிறம் ஒப்பிடும் வேலை. சாயத்தொட்டியிலிருந்து வரும் நூலை விளக்குப் பெட்டிக்குள் வைத்து, மாதிரி அட்டையில் சுற்றிய நூலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். சாயம் பட்டுக் கையில் அரிப்பு வந்தபோது கடையில் ஒரு களிம்பு கேட்டு வாங்கித் தடவினேன். மந்திரம் போட்டதுபோல அடங்கியது. நான்கு வருஷம், யாரையும் கேட்காமல் தடவினேன். இன்று என் கைத்தோல் வெங்காயச் சருகு. அட்டையின் முனை பட்டாலே கிழிகிறது. அந்தக் களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு என்று பிறகு தோல் டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை ஓர் ஆளை வெறுப்பதுபோல வெறுத்துவந்தேன்.

"இது நாலு வருஷக் கதை. நான் சொல்றது நாலஞ்சு நாள்" என்றார் டாக்டர்.

"கேளேன்மா, படிச்சவங்க சொல்றாங்க" என்று அண்ணி அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். "வீக்கம் வடியணும்னா அதுதான் மருந்து. நான் தினம் பார்க்கறேன். நீ நூல்ல கலர் பார்க்கறவ. அதை மட்டும் பாரு."

"நீங்க பல் டாக்டர்கிட்ட எச்சில் உறிஞ்சற குழாய் பிடிக்கறவங்க. அதை மட்டும் பிடிங்க."

"குழாய் பிடிச்சாலும் கண்ணைத் தொறந்துக்கிட்டுத்தான் பிடிக்கறேன். உன்னை மாதிரி பிடிவாதத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கல."

மிளகு ஒரு கண்ணால் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் சார்ட்டைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினார். "பதினொரு மணிக்குத் திரும்ப வருவேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் சண்டையை முடிச்சு ஒரு பதில் வச்சிருங்க. நான் பஞ்சாயத்துக்கு வரல."

அவர் போனதும் அண்ணி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். போகிற போக்கில் பிளாஸ்கின் மூடியை வேண்டுமென்றே இறுக்கித் திருகினாள். நான் திறக்கும்போது கை வலிக்கட்டும் என்று.

நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையைச் சொன்னால், நான் வேண்டாம் என்றது கைகளுக்காக மட்டும் அல்ல. டாக்டர் அந்த மருந்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அண்ணியின் முகத்தில் ஓர் ஆவல் தெரிந்தது. அவளுக்கு அது வேண்டும் என்று தெரிந்த கணமே எனக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்டது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதை. இங்கே மூக்குகூட என்னுடையது இல்லை.

அண்ணி எங்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கிறாள். தனியாள். பள்ளி விட்டதும் மிளகு அவளிடம்தான் போவாள். நான் வேலை முடிந்து வர ஆறாகும். இந்த உதவியை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமல் இருப்பதே எனக்குச் சொல்லிக்காட்டுவதுபோல இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. திங்கட்கிழமை சேர்க்கும்போது டாக்டர், "எத்தனை நாளா சளி?" என்று கேட்டார். "நாலு நாளா" என்றேன். பதினோரு நாள். மூக்கிலிருந்து மஞ்சளாக வந்ததும், குனிந்தால் கன்னம் வலிக்கிறது என்று அவள் அழுததும் எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் பெரிய ஆர்டர் போய்க்கொண்டிருந்தது. சளிதானே என்று விட்டேன். ஏழாம் நாள், வியாழக்கிழமை, இமை தடித்தது. வெள்ளி காலை அவளை ஜன்னலோரம் நிறுத்தி வெளிச்சத்தில் இமையைப் பார்த்தேன். முந்தின நாளைவிடச் சிவப்பு ஒரு ஷேடு குறைவு. சனிக்கிழமை இன்னும் ஒன்று குறைவு. என் கண் தப்பாது என்று தொழிற்சாலையில் எனக்குப் பெயர். தானாக ஆறுகிறது என்று முடிவு கட்டினேன். திங்கள் காலை அந்தக் கண் திறக்கவே இல்லை.

நாலு நாள் என்ற பொய்யை டாக்டர் எழுதிக்கொண்டபோது அண்ணி பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குப் பதினொன்று என்று தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. என்னை மாட்டிவிடக் கிடைத்த ஒரு நல்ல வாய்ப்பை அவள் ஏன் விட்டாள் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நர்ஸ் வந்தாள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் செய்யும் பரிசோதனை ஒன்று உண்டு. மருந்துப் பாட்டிலின் சிவப்பு மூடியை எடுத்து, மிளகின் ஒரு கண்ணைப் பொத்தி, "இது என்ன கலர்?" என்பாள். பிறகு மறு கண்.

"சிவப்பு."

"இந்தக் கண்ணுக்கு?"

"சிவப்பு" என்றாள் மிளகு. கொஞ்சம் தாமதித்துச் சொன்னதுபோல எனக்குப் பட்டது.

"ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதா?"

"ம்."

நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள். நரம்பு நசுங்க ஆரம்பித்தால் முதலில் வெளுப்பது சிவப்புதானாம். அவளே முதல் நாள் சொன்னது.

அந்தத் தாமதம் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. என் கைப்பையில் எப்போதும் ஒரு வளையம் இருக்கும். அதில் கோத்த சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல். சிவப்பில் மட்டும் இருபத்துநாலு. தொழிற்சாலையில் அவற்றுக்கு எண்கள். வீட்டில் மிளகு வைத்த பெயர்கள். ஒன்பது: துவைச்ச ரிப்பன். பதினாலு: டீச்சர் பேனா. பதினேழு: தீயணைப்பு வண்டி. இருபத்திரண்டு: ஆறின காயம். அவள் பேசக் கற்றுக்கொண்ட காலத்திலிருந்து இது எங்கள் விளையாட்டு. எந்த அட்டையைக் காட்டினாலும் பெயர் சொல்லிவிடுவாள்.

பதினாலை எடுத்தேன். இடது கண்ணைப் பொத்தினேன்.

"டீச்சர் பேனா" என்றாள், சோம்பலாக.

அதே அட்டையைப் பிடித்தபடி வலது கண்ணைப் பொத்தி, வீங்கிய இமையை விரலால் மெதுவாகத் தூக்கினேன். அவள் பார்த்தாள்.

"துவைச்ச ரிப்பன்."

"நல்லாப் பாரு."

"துவைச்ச ரிப்பன்மா. நீ கார்டை மாத்திட்ட. ஏமாத்தாதே."

நான் மாற்றவில்லை. அட்டை என் விரலில் அப்படியே இருந்தது. ஐந்து ஷேடு. என் தொழிலில் அரை ஷேடு மாறினாலே தொட்டியை நிறுத்துவோம்.

"நர்ஸ் ஆன்ட்டிகிட்ட ஒரே மாதிரின்னு சொன்னியே?"

"ரெண்டும் சிவப்புதானே? ஒரே மாதிரின்னு சொன்னா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்: "அத்தைகிட்ட அந்த மாத்திரை கேளும்மா. அது போட்டா சரியாயிடும். போன வாரம் சரியாச்சே."

"எந்த மாத்திரை?"

"கசப்பு மாத்திரை. வாழைப்பழத்துல வச்சுக் குடுப்பாங்க." வீங்காத கண் அகலமானது. "அய்யோ. உன்கிட்ட சொல்லக்கூடாது. நீ கத்துவியாம்."

அப்போது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முதலில் வந்தது சந்தோஷம். கல்யாணமான ஒன்பது வருஷமாகத் தேடிய ஆயுதம், தானாக என் கையில் வந்து விழுந்த சந்தோஷம். மகளின் கண்ணில் சிவப்பு வெளுத்துக்கொண்டிருக்கிறது. நான் அவளுடைய அத்தையை எந்த இடத்தில் குத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேராக டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. வெந்நீர்க் குழாயடிக்குப் போனேன்.

அண்ணி பிளாஸ்கை நிரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள். என் முகத்திலேயே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன மாத்திரை குடுத்தீங்க?"

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் இதுவும் ஒன்று, கேட்டால் ஒப்புக்கொண்டு விடுவாள். "போன வருஷம் எனக்குக் கடவாய்ப்பல் எடுத்தப்ப எங்க டாக்டர் எழுதிக் குடுத்தது. மிச்சம் இருந்துச்சு. மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கி வர்றவங்களுக்கு அதைத்தான் குடுப்பாரு, மறுநாள் வடிஞ்சுடும். வீக்கம்னா வீக்கம்தானே? பாதிப் பாதியாத்தான் குடுத்தேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"யாரைக் கேட்கணும்? உன்னையா? வியாழக்கிழமை போன் பண்ணி, புள்ளைக்குக் கண்ணு தடிக்குது, டாக்டர்கிட்ட காட்டலாம்னேன். என்ன சொன்ன நீ? 'உங்க வேலையைப் பாருங்க, என் பொண்ணை எனக்குப் பார்க்கத் தெரியும்'னு சொன்ன. பார்த்தியா? பார்க்கல. அப்ப எவளாவது ஒருத்தி பார்க்கணும்ல?"

"அதுக்குத் திருட்டுத்தனமா?"

"உன் வீட்டுல எதைத்தான் வெளிப்படையாச் செய்ய முடியும்? ஒரு சீப்பை இடம் மாத்தி வச்சாலே ஒரு வாரம் முகம் திருப்பிக்கறவ நீ."

ஒரு கிழவர் டம்ளரோடு வந்து, எங்களைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஜன்னலோரம் அந்த இமையில் ஒரு ஷேடு குறைந்தது எதனால் என்று அங்கே நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. தானாக ஆறவில்லை. உள்ளே சீழ் இருந்தபடியே இருக்க, மேலே மட்டும் வெளுத்துக் காட்டியிருக்கிறது. என் கை அரிப்பு அடங்கிக் காட்டியது போலவே. தப்பவே தப்பாது என்று பெயர் வாங்கிய கண்ணால் அந்தப் பொய்யைச் சரிபார்த்து, சரி என்று முத்திரை குத்தியது நான்.

"டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றேன்.

"சொல்லு." அவள் குரல் இறங்கியது. "சொல்லும்போது பதினோரு நாளையும் சேர்த்துச் சொல்லு. நான் வாயை மூடிக்கிட்டு நின்னது உன் மேல இருக்கற பாசத்துலயா?"

"அது எனக்கும் தெரியும்."

"இங்க பாரு. அவங்க குடுக்கப்போறதும் அதே மருந்துதான். நீ கையெழுத்துப் போடு. உன் பதினோரு நாளும் போகட்டும், என் மாத்திரையும் போகட்டும். புள்ளை சரியாயிடுவா. யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

எங்கள் ஒன்பது வருஷத்தில் அவள் என்னோடு சமாதானமாகப் போகலாம் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். கேட்க அவ்வளவு எளிதாக இருந்தது. இரண்டு பொய்களும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தி மூடிக்கொள்ளும். கணவரிடம் நான் கெட்டிக்கார அம்மாவாகவே இருப்பேன். அவளும் நல்ல அத்தையாகவே இருப்பாள். ஒரு கணம், அட, ஆமாம் என்றுதான் நினைத்தேன். என் விரலில் இன்னும் அந்தப் பதினாலாம் அட்டை மாட்டியிருந்தது. அதன் முனை தோலைக் கிழித்து ஒரு துளி ரத்தம் வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அதற்குமேல் அவளோடு பேசவில்லை. டாக்டரின் அறைக்குப் போனேன். எனக்குப் பின்னால் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.

நின்றபடியே மூன்றையும் சொன்னேன். சிவப்பு வெளுத்துத் தெரிகிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சளி நாலு நாள் இல்லை, பதினோரு நாள். மூன்றாவதைக் கடைசியில் சொன்னேன். அது டாக்டருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்டீராய்டு ஏதாவது குடுத்திருக்கான்னு திங்கட்கிழமை கேட்டேன்ல? அப்ப ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தாள். "பாதி மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு தடவை. வியாழன் சாயங்காலத்துலருந்து திங்கள் காலை வரைக்கும். அஞ்சு தடவை." மேலும் சில மாத்திரைகள் அதில் மிச்சம் இருந்தன. அந்த அட்டையை அவள் ஏன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துவந்தாள் என்று எனக்கு அன்றும் கேட்கத் துணிச்சல் வரவில்லை, இன்றும் வரவில்லை.

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். "பல்லு எடுத்தப்ப இது கூடவே இன்னொரு மாத்திரையும் குடுத்திருப்பாங்களே. கிருமிக்கு. அது எங்க?"

"அதை அப்பவே நான் சாப்பிட்டு முடிச்சிட்டேன்."

"சரி. காவலுக்கு இருந்தவனை அனுப்பிட்டு, கதவை மட்டும் சாத்தியிருக்கீங்க. திருடன் உள்ளேயே இருக்கான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "முதல்ல கிருமி அடங்கணும். அது அடங்கிடுச்சுன்னு நிச்சயமாத் தெரிஞ்சப்புறம்தான் ஸ்டீராய்டு. இன்னிக்கிக் காய்ச்சல் இல்லாதது என் மருந்தாலயா, இவங்க மாத்திரையாலயான்னு இப்ப யாருக்குத் தெரியும்? நீங்க காலையிலயே கையெழுத்துப் போட்டிருந்தா நானும் குடுத்திருப்பேன்."

அது பாராட்டு இல்லை. நான் மறுத்தது வீம்பில். அந்த வீம்பு தற்செயலாகச் சரியான பக்கம் விழுந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவரே வந்து, என் வளையத்தை வாங்கி, மிளகிடம் அட்டைகளைக் காட்டினார். "துவைச்ச ரிப்பன்னா என்ன?" என்று என்னிடம் கேட்டு, பதிலைச் சார்ட்டில் எழுதினார். மறுபடி ஸ்கேன். கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவில் சீழ் கட்டியிருந்தது, முதல் நாள் படத்தில் எதுவும் இல்லாத இடத்தில். மத்தியானம் இரண்டு மணிக்கு மூக்கு டாக்டர் அவளை உள்ளே அழைத்துப் போனார். மூக்கு வழியாகவே குழாய் விட்டு அந்த இடத்தைத் திறப்பார்களாம்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நாலு நாற்காலிகள். ஓர் ஓரத்தில் நான், மறு ஓரத்தில் அவள். கணவர் வேலை உடையிலேயே, கையில் கிரீஸோடு வந்தார். நடுவில் காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"உங்க அக்காவைக் கேளுங்க."

"உன் பொண்டாட்டியைக் கேளு."

அவர் இருவரையும் கேட்டார். இருவரும் சொன்னோம். ஒவ்வொருத்தியும் மற்றவள் செய்ததை மட்டும் சொன்னாள். அதிலேயே அவருக்கு முழுக் கதையும் கிடைத்துவிட்டது. வழக்கமான நகைச்சுவை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"அவளுக்குக் கண்ணு போச்சுன்னா," என்றார் கடைசியில், கிரீஸ் கையை உடையில் துடைத்தபடி, "நான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசமாட்டேன். ரெண்டு பேர்கிட்டயும்." பிறகு போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

சீழை எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த கிருமிக்கு ஏற்ற மாதிரி ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். வியாழன், வெள்ளி, இரண்டு நாளும் ரத்தப் பரிசோதனை. சனிக்கிழமை காலை டாக்டர் காகிதத்தை நீட்டினார்.

"இப்ப இது நிஜமாவே இறங்கியிருக்கு. இப்பக் கேட்கறேன். ஸ்டீராய்டு குடுத்தா வீக்கம் சீக்கிரம் வடியும்னு நம்பறோம். ஆராய்ச்சி இன்னும் முடிஞ்ச விஷயம் இல்ல. குறைஞ்ச நாள்தான். கிருமிக்கான மருந்து கூடவே போகும். நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம். சம்மதமா?"

அதே மருந்து. என் கைகளைத் தின்ற மருந்து, அண்ணியின் வாழைப்பழத்தில் ஒளிந்து வந்த மருந்து. சாயத்தொட்டியில் எதை முதலில் போட்டு எதைப் பிறகு போடுவது என்று தெரியாதவர்களை ஒரு நாளில் வேலையைவிட்டு அனுப்பிவிடுவோம். இங்கே நானும் அவளும் வரிசை தெரியாத ஒன்பது வருஷ அனுபவசாலிகள்.

கையெழுத்துப் போட்டேன். அண்ணி கட்டிலின் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னிக்கே போடுன்னு சொன்னேன்" என்றாள்.

"அன்னிக்குப் போட்டிருந்தா இன்னிக்கு இவ கண்ணு இருந்திருக்காது."

"அது உனக்குத் தெரிஞ்சா போடாம இருந்த?"

எங்கே குத்தவேண்டும் என்று அவளுக்கு எப்போதும் தெரியும்.

திங்கட்கிழமைக்குள் இமை வடிந்து, மிளகு இரண்டு கண்ணாலும் முறைக்க ஆரம்பித்தாள். ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் அட்டை வளையத்தைக் கேட்டார். நான் எடுத்ததும் கையை நீட்டித் தடுத்தார். "நீங்க காட்டாதீங்க. அவ அட்டையைப் பார்க்கல, உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்றா. நீங்க பின்னாடி போய் நில்லுங்க. அவங்க காட்டட்டும்."

வளையத்தை அண்ணியிடம் கொடுத்தேன். ஒன்பது வருஷத்தில் என் பொருள் ஒன்றை நானாக அவள் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"எந்த நம்பர்?"

"பதினாலு."

அவள் அட்டைகளைப் புரட்டினாள். "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு எனக்கு."

"உங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மிளகைப் பார்த்து விழுங்கினாள். இடது கண்ணைப் பொத்தி அட்டையைக் காட்டினாள்.

"டீச்சர் பேனா."

கை மாறியது. வலது கண்ணைப் பொத்தினாள். மிளகு உடனே சொல்லவில்லை. அந்த மௌனத்தில் நான் பிடித்திருந்த கட்டில் கம்பி என் தோலை எங்கே கிழித்தது என்று எனக்குத் தெரியாது, பிறகுதான் பார்த்தேன்.

"டீச்சர் பேனா" என்றாள் மிளகு. "இவ்வளவு கிட்டக் காட்டினா எப்படித் தெரியும் அத்தை? உங்களுக்குக் கார்டு பிடிக்கவே தெரியல."

டாக்டர் சிரித்து, எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அண்ணி ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறு கையால் வளையத்தை நீட்டினாள். வாங்கினேன். வாங்கியதும் நான் முதலில் செய்தது, அவள் விரல் வைத்திருந்த அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்ததுதான்.

பதினாலேதான்.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

அவள் பிளாஸ்கை எடுத்தாள். மூடியை இறுக்கித் திருகினாள்.

"எனக்கும் உன்மேல இல்ல" என்றாள். "மத்தியான மருந்து ஒரு மணிக்கு. நான் வந்து நின்னு பார்ப்பேன்."

"வாங்க" என்றேன்.